திராட்சையைக் கடலையாக்கியவர்

அன்று பொழுது சாயும்போது எங்கள் கடலைக்காட்டில் இருந்தவர்கள் பதினேழு பேர். கயிற்றுக் கட்டிலில் என் அண்ணன். கூலிப் பையோடு நான். விடியலில் வந்த ஆட்கள் எட்டுப் பேர், அதில் ஆண்கள் இருவர், பெண்கள் ஆறு. வெயில் ஏறியபின் வந்த பெண்கள் இருவர். பொழுது இறங்கும் நேரத்தில் வந்த பெண்கள் நால்வர்: குப்பாயி, மாரி, வெள்ளச்சி, ராமாயி. கடைசியாக, குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி வண்டித்தடத்தில் நின்ற அந்த அம்மா.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் இந்தச் சங்கதி ஊரில் பரவியபோது, தானும் அங்கே இருந்ததாகச் சொன்னவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. அந்த அம்மா ஆட்களைத் தூண்டிவிட்டார் என்றார்கள். அண்ணன் காலில் விழுந்தார் என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லாவிட்டால் அது யாருக்கும் புரியாது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருச்செங்கோட்டு ரோட்டில் இருந்த மிஷன் வளாகத்திலிருந்து சனிக்கிழமைதோறும் நடந்து வருவார். வேதக் கதை சொல்வது அவருக்குச் சம்பள வேலை. பெண்கள் 'கதையம்மா' என்பார்கள். எந்த ஊர், என்ன சனம் என்று கேட்டால் சிரிப்பாரே ஒழியச் சொல்லமாட்டார். எங்கள் ஊரில் ஒருவர் என்ன சனம் என்று தெரியாமல் அவருக்கு எதில் தண்ணீர் கொடுப்பது என்றுகூட முடிவு செய்ய முடியாது. அந்தச் சங்கடமே வேண்டாம் என்று அவர் தன் பையில் ஒரு பித்தளை டம்ளர் வைத்திருந்தார். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி அதே பையில் போட்டுக்கொள்வார். கழற்றும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. திரும்பப் போகும்போது, தெரு தாண்டி நின்று, இரண்டு செருப்பையும் நன்றாகத் தட்டித் தூசி போக்கி மாட்டிக்கொள்வார்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கறுப்புக் குடை, அதில் ஒரு நீல ஒட்டு. கதை சொல்லும்போது கைகளை ஆட்டமாட்டார். குரல் பெரிதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதுதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. கதை முடிந்த நொடியில் எழுந்துவிடுவார். கடைசி வார்த்தை காற்றில் இருக்கும்போதே பையைத் தோளில் மாட்டிவிடுவார். யாராவது, "இதுக்கு என்னங்கம்மா அருத்தம்?" என்று கேட்டால், "உங்களுக்கு என்னங்க படுது?" என்பார். பதில் சொன்னால் கேட்டுக்கொள்வார். சரி என்றோ தப்பு என்றோ சொல்லமாட்டார். போய்விடுவார்.

எனக்கு இது ஆகாது. எனக்கு எதையும் முடிச்சுப் போட்டுத்தான் பழக்கம். நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலராவில் போனார். பள்ளிக்கூடத்தை விட்டு அண்ணனோடு காட்டுக்கு வந்தேன். அதிலிருந்து கதவைச் சாத்தினோமா என்று இரண்டு தரம் பார்ப்பேன், மாட்டைக் கட்டினோமா என்று மூன்று தரம் பார்ப்பேன். அர்த்தம் சொல்லாமல் விட்ட கதை திறந்து கிடக்கும் பட்டி மாதிரி. எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று எப்படித் தெரியும்?

முதன்முதல் நான் அவரிடம் கேட்டது விதைக்கிறவன் கதை. கிணற்று மேட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். வாய்க்காலில் துணி அலசிய பெண்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் விதைக்கப் போனான், கொஞ்சம் வழியில் விழுந்தது, கொஞ்சம் பாறையில் விழுந்தது, கொஞ்சம் முள்ளில் விழுந்தது, மீதி நல்ல மண்ணில் விழுந்தது. என்னோடு மாடு ஓட்டிய ராக்கன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"ஏனுங்கம்மா, பாறை மேல வெதைக்கறவனுக்குப் பொண்ணு குடுத்த மகராசன் ஆருங்க?"

பெண்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

"எனக்குந்தாங்க அது தெரியலை. ஆனா வெதை அவருதுங்களே. எங்க போடோணும்னு நாம சொல்ல முடியுமுங்களா?" என்றார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நான் எந்த மண்? வழியா, பாறையா, முள்ளா? அடுத்த சனிக்கிழமை தெருமுனையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டேன்.

"நான் எந்த நெலமுங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெலம் வந்து கேள்வி கேக்கறதை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். ரொம்ப வெசனப்படாதீங்க, வெசனக்காரரே."

அன்றிலிருந்து அவருக்கு நான் வெசனக்காரர். கவலைப்படுகிறவனை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். அவர் அதை ஒரு பட்டம் மாதிரிச் சொல்வார்.

அவருடைய பையில் ஒரு படச்சுருள் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் மிஷனில் அச்சடித்த தாள் ஒன்று, அதில் அந்தக் கதையின் அர்த்தம். அந்தத் தாள்களை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் கூட வந்தாள். அன்று மட்டும் தாள் வெளியே வந்தது. தொலைந்த காசைத் தேடிய பெண்ணின் கதை. காசு என்றால் இது, விளக்கு என்றால் இது, துடைப்பம் என்றால் இது என்று வெள்ளைக்கார அம்மாள் உடைந்த தமிழில் வரிசையாகப் படித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கொட்டாவி விட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

அதே கதையை முன்பொரு நாள் தாள் இல்லாமல் இவர் சொல்லியிருந்தார். அன்று தெருவில் ஏழெட்டு வீட்டில் பெண்கள் பெட்டியை இழுத்துப்போட்டுப் பெருக்கினார்கள். என் மனைவி அடுக்குப்பானைக்குப் பின்னால் இரண்டு வருடத்துக்கு முன் தொலைந்த மூக்குத்தித் திருகைக் கண்டெடுத்தாள். எடுத்தவள் சந்தோஷப்படாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"இத்தனை நாளா இது இங்கதான இருந்துச்சு. தேடோணும்னு எனக்குத் தோணலையே" என்றாள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஊருக்குத் தெரியாத சாமானைக் கதையில் வைத்திருக்கமாட்டார், மாற்றிவிடுவார். கடுகுச் செடி மரமாகுமா என்று யாரோ கேட்டதும் அதை ஆலம்விதை ஆக்கினார். செம்மறிக் கூட்டத்தில் எங்கள் வெள்ளாடுகளும் சேர்ந்துகொண்டன. மிஷனில் இதற்காகத் திட்டு வாங்கினார் என்று கேள்வி. அப்படித்தான் வேதத்தில் கூலியாட்கள் வருகிற திராட்சைத் தோட்டத்தை அவர் கடலைக்காடு ஆக்கினார். எங்கள் ஆட்களில் திராட்சையைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கடலையில் பிறந்து கடலையில் சாகிறவர்கள் அவர்கள்.

அந்தக் கதையை அவர் சொன்னது எங்களிடமல்ல, ஆட்கள் குடியிருந்த வளவில். நாங்கள் அங்கே கால் வைப்பதில்லை. ஆனால் எங்கள் கடைசிக் காட்டின் முள்வேலிக்கு அந்தப் பக்கம்தான் வளவு. வேலி பழுதாக இல்லை. இருந்தாலும் நான் அன்று மத்தியானம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஒரு பண்ணாடிங்க. காடு நெறையக் கடலை" என்று ஆரம்பித்தார். நிலக்காரரை ஆட்கள் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள். கதையில் அந்தப் பண்ணாடி விடியுமுன் போய் ஆள் கூப்பிட்டார். நாளுக்கு ஒரு பணம் என்று பேசினார். எங்கள் ஊரில் பெண்ணாளின் கூலியும் அதேதான், இரண்டணா. வெயில் ஏறியதும் மறுபடி போனார். உச்சியில் போனார். பொழுது சாயப் போனார். கடைசியில் வெளிச்சம் மங்கும்போதும் போய், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டு, யாரும் கூப்பிடவில்லை என்றவர்களைக் கூட்டி வந்தார். நியாயமானதைத் தருகிறேன் என்றார். கூலி போடும்போது கடைசியில் வந்தவர்களை முதலில் நிறுத்தினார். அவர்களுக்கு முழுக்கூலி. முதலில் வந்தவர்களுக்கும் அதே கூலி. அவர்கள் முணுமுணுத்தார்கள். பேசியதைக் கொடுத்தேன், மீதி என் காசு, நான் நல்லவனாக இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று அவர் கேட்டார். அவ்வளவுதான். பை தோளுக்குப் போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் குப்பாயியின் குரல் கேட்டது.

"அம்மா, அந்தப் பண்ணாடி எந்த ஊருங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லமாட்டாரே. அந்த ஒரு சமயம் சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். இல்லை, ஆகியிருக்காது என்றும் நினைக்கிறேன்.

பதில் இல்லாததால் ஆட்களே ஒரு ஊர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கிழக்கே, ஆத்தூர்ப் பக்கம், அப்படி ஒரு பண்ணாடி இருக்கிறார். பொழுது சாய வந்த ஆளுக்கும் முழுக்கூலி போடுகிறார். ஒரே வாரத்தில் இது அண்ணன் காதுக்கு வந்தது.

"ஆருடா அவன், ஊரைக் கெடுக்கறவன்?" என்று அண்ணன் குதித்தார். சந்தையில் ஆத்தூர் அரிசி வியாபாரி ஒருவரைப் பிடித்து விசாரித்தார். அப்படி ஒரு பைத்தியக்காரன் எங்கள் பக்கம் இல்லை என்று அந்த மனுஷர் சத்தியம் செய்தார். அது வேதக்காரர்கள் கதை என்று நான் சொன்னேன்.

"கதையா? கதைன்னா ராசா, ராணி வரோணும். கடலை எதுக்குடா வருது?" என்றார் அண்ணன்.

அடுத்த வாரமே மழை. இரண்டு மாதம் ஏமாற்றிவிட்டுப் பெய்த மழை. கடலை முற்றி நின்றது. மண் ஈரமாக இருக்கும்போதே செடியைப் பிடுங்கிவிட வேண்டும். ஈரம் காய்ந்து மண் இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும். மழை விட்ட மூன்றாம் நாள் மேல்காற்று அடிக்க ஆரம்பித்தது. நான் ஒரு பிடி மண்ணை எடுத்து எடுத்து நசுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் முன்னைவிட உதிரியாக இருந்தது.

விடியலில் எட்டு ஆள் கூட்டி வந்தேன். வெயில் ஏறியதும் பயந்துபோய் மறுபடி ஓடினேன், இரண்டு பேர் கிடைத்தார்கள். உச்சிப் பொழுதில் ஓடினேன், யாருமில்லை. பொழுது இறங்கும்போது நாலாவது முறை ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போனேன். அங்கே நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குப்பாயிக்கு வலது கை பிறவியிலேயே மடங்கியது, காலையில் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். மாரி கைப்பிள்ளைக்காரி. மற்ற இருவரும் வயதானவர்கள்.

"ஏன் இங்க சும்மா உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எங்களை ஆருங்க சாமி கூப்பிட்டாங்க?" என்றாள் குப்பாயி.

"வாங்க. எறங்குங்க. நாயமானதைத் தாரேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குப்பாயி சிரித்தாள். காட்டுக்குப் பாதி தூரம் வந்தபிறகுதான், நான் கேட்டதும் அவள் சொன்னதும் நான் திரும்பச் சொன்னதும் எங்கிருந்து வந்த வார்த்தைகள் என்று எனக்கு உறைத்தது. இரண்டு வாரமாக அந்தக் கதையையே மென்றுகொண்டிருந்தேன், அது வாயில் வந்துவிட்டது. திரும்பி, அப்படியில்லை, பொழுதிறங்கி வருகிறவர்களுக்கு வழக்கமான அரையணாதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர்கள் குனிந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாலு பேரும் பிடுங்கிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குப்பாயி ஒற்றைக் கையால், குதிகாலை மண்ணில் ஊன்றி, கொத்துக் கொத்தாக இழுத்தாள்.

கூலி நேரம் வந்தது. எப்போதும் விடியலில் வந்தவர்கள் முன்னால் நிற்பார்கள். அன்று யாரும் சொல்லாமலே அந்த நாலு பேர் முன்னால் வந்து நின்றார்கள். மற்றவர்கள் வழி விட்டார்கள். விடியலிலிருந்து வேலை செய்த ராக்கன் வரிசையின் கடைசிக்கே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல அவிகளுக்குப் போடுங்க சாமி. எங்க மொணகலை அப்பறம் வெச்சுக்கறோம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பையின் வாயை அவிழ்த்தேன்.

"என்னடா வரிசை இது, தலைகீழா?" அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"பண்ணாடி நாயமானதைத் தாரேன்னு சொல்லிக் கூட்டியாந்தாருங்க" என்றாள் குப்பாயி.

அண்ணனுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இந்தப் பை நாளைக்கு உன் கையில் இருக்காது என்பது எழுதியிருந்தது. பன்னிரண்டு வருடம் நான் அவர் கீழே வேலை செய்தேன். அந்தப் பை ஒன்றுதான் அவர் என்னை நம்பிக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வண்டித்தடத்தில் மிஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நில்லு" என்று அண்ணன் கூப்பிட்டார். "இங்க வா. உன்ற கதையால வந்த வெனை. அதுக்கு என்ன அருத்தம்னு இந்த ஆளுங்க முன்னாடி சொல்லிட்டுப் போ. கூலி பத்தின கதையா அது?"

அவர் வரப்புக்கு வந்து நின்றார். முன்னால் நின்ற நாலு பேரைப் பார்த்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். எப்போதும்போல, உங்களுக்கு என்ன படுதுங்க என்று கேட்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

"சொல்லு. நாளைக்கே உங்க பெரியவங்களை வந்து பாக்கறதா, வேண்டாமா?" என்றார் அண்ணன்.

"அது பரலோகத்தைப் பத்தின கதைங்க" என்றார் அவர்.

அவர் வாயிலிருந்து ஒரு கதைக்கு அர்த்தம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "கேட்டீங்களா? பரலோகத்துலயாமா! செத்தப்பறம் போயி வாங்கிக்குங்க." ஆட்களில் இருந்த இரண்டு ஆண்களும் சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டார்கள்.

குப்பாயி மட்டும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இங்க எத்தனைங்கம்மா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு சொன்னார், "அதை என்னைக் கேக்காதே சாமி. வார்த்தை குடுத்தவரைக் கேளு."

பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பைக்குள் கையை விட்டேன். குப்பாயிக்கு இரண்டணா கொடுத்தேன். அவள் நல்ல கையில் வைத்தேன், அந்தக் காசு பட்ட சூடு எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் தொண்டையைச் செருமினார். வேறு ஒன்றும் செய்யவில்லை, செருமினார். அடுத்து மாரி. என் கை அரையணாவை எடுத்தது. வெள்ளச்சிக்கு அரையணா. ராமாயிக்கு அரையணா.

குப்பாயி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மற்ற மூவர் கையையும் பார்த்தாள். இரண்டணாவைக் கடலைச் சாக்கின் மேல் வைத்தாள்.

"எல்லாத்துக்கும் இல்லீனா எனக்கு மட்டும் எதுக்குங்க சாமி. அரையணாவே குடுங்க."

கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா வண்டித்தடத்தில் வெகுதூரம் போயிருந்தார். குடையை விரிக்கவில்லை. எங்கள் காட்டு எல்லை தாண்டியும் செருப்பைப் பையிலிருந்து எடுக்காமல் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு ஆளும் வரவில்லை. ராக்கன்கூட வரவில்லை. மண் இறுகியது. கால்வாசிக் கடலை மண்ணுக்குள்ளேயே நின்றது, பன்றிகள் தோண்டித் தின்றன. அண்ணன் இன்னும் இரண்டு நிலக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மிஷனுக்குப் போனார். ஆட்களைக் கலைக்கிறாள் என்று புகார். நானும் கூடப் போனேன். வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய், ஆட்களுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். மாடு மிரளும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். எங்கள் மாடு மிரளாத மாடு. அவரை வாழப்பாடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்த மாதமே குப்பாயியும் மற்ற மூவரும் பிழைப்புக்கு ஊரை விட்டுப் போனார்கள். அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனதாக ஒரு பேச்சு, ஆத்தூர்ப் பண்ணாடியைத் தேடிப் போனதாக ஒரு பேச்சு.

மூன்று வருடம் கழித்து வாழப்பாடிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தேன். கயிற்றுக் கடை முன்னால் நீல ஒட்டுப் போட்ட கறுப்புக் குடை தெரிந்தது. ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"வெசனக்காரரே, சௌக்கியமுங்களா?"

"அந்தக் கதைக்கு என்னங்க அருத்தம்?" என்று கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கே சொன்னனே. பரலோகமுன்னு."

"அது இல்லீங்க."

"அது பொய்யில்லீங்க. ஆனா அன்னைக்கு, அந்த நாலு பேர் முன்னாடி அதைச் சொன்னது பொய் சொன்ன மாதிரிதான்." கடையில் தொங்கிய கயிறு ஒன்றைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். "உங்க அண்ணனுக்குப் பயந்து சொன்னனுங்க. சம்பளத்துக்குப் பயந்து சொன்னேன். அருத்தம் சொல்லிட்டா சனங்க அதை மடியில முடிஞ்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க. அதுக்குத்தான் நான் சொல்றதே இல்லை. கதையை மட்டும் குடுத்தா அதுகூடவே நடந்து திரியோணும். வேதத்துல இந்தக் கதையைச் சொன்னவரும் அப்படித்தான் சொன்னாரு. ஏன் இப்படிப் பேசறீங்கன்னு கூட இருந்தவங்களே அவரைக் கேட்டாங்களாமா."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"நீங்க நல்லாத்தானுங்க திரியறீங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்று சிரித்தார்.

நான் மடியிலிருந்து ஆறணா எடுத்தேன். நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்றரை அணா குறைந்தது, மொத்தம் ஆறணா. அந்தத் தொகை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். "அவிகளை எங்காச்சும் பாத்தீங்கன்னா இதைக் குடுத்துருங்க" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"என்ற கையில குடுத்தீங்கன்னா அது காணிக்கையாப் போயிருமுங்க. கூலி ஆகாது. அந்தப் பண்ணாடி ஆளைத் தேடி அஞ்சு தடவை போனாரு. நீங்க நாலு தடவை போனீங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னொரு தடவை போங்க."

சொன்னதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றும் தெரியாது.

மேட்டூருக்கு இரண்டு முறை போனேன். அண்ணனிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டாம் முறை, ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற கூட்டத்தில் மாரியைக் கண்டுபிடித்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. ஒன்றரை அணாவைக் கையில் வைத்து, இன்னதற்கு என்று சொன்னேன். அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வட்டி இல்லீங்களா சாமி?" என்றாள். பக்கத்தில் ஜல்லி உடைத்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு சுத்தியலை எடுத்தாள்.

வெள்ளச்சி அணை வேலையிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று மாரிதான் சொன்னாள். வெள்ளச்சிக்கு ஒரு மகள் உண்டாம், எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியாதாம். ராமாயி ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீடு ஒன்றில் நூல் சுற்றுகிறாள் என்றாள். போய்ப் பார்த்தேன், அது வேறு ராமாயி. குப்பாயி மலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள் என்கிறார்கள். ஒற்றைக் கையால் எப்படிக் கொழுந்து கிள்ளுவாள்? எந்த மலை என்று சொல்ல ஆளில்லை.

இப்போது யுத்தம் வந்து எல்லாம் விலை ஏறிவிட்டது. அன்றைய கூலியை இன்றைய காசில் கொடுத்தால் நியாயமா, எத்தனை சேர்த்துக் கொடுப்பது, செத்தவளின் கூலியை மகளிடம் கொடுத்தால் அது கூலிதானா என்று கேட்க எனக்கு யாருமில்லை. கேட்டாலும் அந்த அம்மா, உங்களுக்கு என்னங்க படுது என்றுதான் சொல்வார். எனக்குப் பட்டவரையில் மூன்று பேருக்கு, ஆளுக்கு ஒன்றரை அணா. நாலரை அணா பாக்கி.